எண்களும் கடிகாரமும்: ரெக்கார்டரிலிருந்து கணினிக்கு ஒலி செல்லும் வழி

தனித்தியங்கும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றில் பதிவான பாட்டையோ பேச்சையோ கணினிக்குக் கொண்டுசென்று, அங்குள்ள ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறப்பது, ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் வேலையாகவே பெரும்பாலோர்க்குத் தோன்றுகிறது. கோப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆயினும் ஒலி காலத்தில் நிகழ்வது; கோப்போ வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை ஒன்றுகூடப் பிசகாமல் நகலெடுத்துவிட முடியும். எந்த வேகத்தில் அவற்றைப் படிக்க வேண்டும், எந்த நொடியிலிருந்து தொடங்க வேண்டும், பக்கத்துத் தடத்தோடு எப்படிப் பொருத்த வேண்டும் என்னும் செய்திகள் அந்த எண்களுக்குள் இல்லை. அவை தனியே எழுதப்பட்டுத் தனியே வந்து சேர வேண்டியவை. பரிமாற்றத்தில் நேரும் கோளாறுகளில் மிகப் பல, இந்த இரண்டாம் வகைச் செய்தி வழியில் தவறிப்போவதால் விளைபவையே.

மைக்கில் படும் காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மின்னழுத்தமாக மாறுகிறது. அம்மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிவைப்பதே டிஜிட்டல் ஒலிப்பதிவு. அப்படி எடுக்கப்படும் ஒவ்வோர் அளவும் ‘மாதிரி’ எனவும், ஒரு நொடியில் எத்தனை மாதிரிகள் எடுக்கப்படுகின்றன என்பது ‘மாதிரி வீதம்’ எனவும் வழங்கும். ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரி எடுத்தால், மூல அலையை முழுமையாக மீட்டுவிடலாம் என்பது ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தொடங்கிவைத்து, கிளாட் ஷானன் 1949இல் நிறுவி வெளியிட்ட தேற்றத்தின் சாரம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதால் நொடிக்கு 40,000 மாதிரிகளுக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். ஆனால் நடைமுறையில் நிலைத்துப்போனவை 44,100, 48,000 என்னும் இரண்டு எண்கள்.

இவற்றுள் 44,100 என்பது செவியை அளந்து கிடைத்த எண் அன்று. சிடி உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் அவ்வளவு எண்களைச் சேமிக்க வல்ல மலிவான கருவி வீடியோ ரெக்கார்டர் ஒன்றே என்பதால், ஒலி மாதிரிகளைத் தொலைக்காட்சிப் படத்தின் கோடுகளுக்குள் எழுதிவைத்தனர். ஒரு கோட்டுக்கு 3 மாதிரிகள், ஒரு புலத்துக்கு (அரைப் படத்துக்கு) 245 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள் என்று அமெரிக்க, ஜப்பானிய முறையில் பெருக்கினாலும், 3, 294, 50 என்று ஐரோப்பிய முறையில் பெருக்கினாலும் வரும் விடை 44,100. இரு முறைகளுக்கும் பொருந்திய அவ்வெண் 1982இல் சிடியோடு உலகெங்கும் பரவியது. வீடியோவோடும் திரைப்படத்தோடும் சேர்ந்த ஒலிக்கு 48,000 வழக்காயிற்று. வீடியோ நாடாவின் கோடுகள் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும், இவ்விரண்டு வீதங்களின் முரண்பாடு ஒவ்வொரு கணினியிலும் தங்கிவிட்டது.

முரண்பாடு எப்படி வெளிப்படுகிறது என்பதைக் காண, கோப்பின் அமைப்பைச் சற்று அறிய வேண்டும். ரெக்கார்டர்கள் பெரும்பாலும் எழுதுவது வேவ் எனப்படும் கோப்பு. மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் 1991இல் வெளியிட்ட வடிவம் அது. அதன் முற்பகுதியில், எளிய வடிவத்தில் 44 பைட்டு அளவுக்கு, ‘தலைப்பகுதி’ என்ற ஒன்று உண்டு. மாதிரி வீதம் எவ்வளவு, ஒவ்வொரு மாதிரியும் எத்தனை பிட்டு, ஒற்றைத் தடமா இரட்டைத் தடமா, மொத்தம் எத்தனை பைட்டு என்பன அங்கே எழுதப்பட்டிருக்கும். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப்போன்றது அது: சீட்டு கிழிந்தாலும் மருந்து கெடுவதில்லை, ஆனால் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் போகிறது. தலைப்பகுதிக்குப் பின்னால் வருவன எல்லாம் எண்களே.

48,000 வீதத்தில் பதிவான கோப்பை 44,100 வீதத்தில் அமைந்த திட்டத்துக்குள் கொண்டுவரும்போது, மென்பொருள் தலைப்பகுதியைப் படித்து, ஒவ்வொரு 160 மாதிரிக்கும் ஈடாக 147 மாதிரிகளைப் புதிதாகக் கணக்கிட்டுத் தந்துவிட்டால் தொல்லையில்லை. இதற்கு ‘வீத மாற்றம்’ என்று பெயர். வீதத்தை மாற்றாமல் எண்களை அப்படியே 44,100 வேகத்தில் ஒலிக்கவிட்டால், ஒரு மணி நேரக் கச்சேரி 65 நிமிடம் 18 நொடிக்கு நீளும். சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைத்தொனி இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் நான்கரைக்கும் நான்குக்கும் நடுவில் எங்கோ பாடுவதாகக் கேட்கும். தம்புராவும் வயலினும் மிருதங்கமும் கூடவே இறங்கிவிடுவதால் அபசுரம் எதுவும் தோன்றாது என்பதே இதிலுள்ள ஆபத்து. பாடகரின் குரலைப் பழகி அறிந்தவர் மட்டுமே ஐயுறுவர். அறியாதவர் அதையே அசல் என்று நம்பிவிடுவர்.

ரெக்கார்டரிலிருந்து ஒலி கணினிக்குச் செல்ல மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினியின் மைக் துளைக்கு ஒரு கேபிளைச் செருகி, ஒலியை ஓடவிட்டு மீண்டும் பதிவது. எண்ணாக இருந்த ஒலி மின்னலையாகி, அந்த மின்னலை மறுபடியும் எண்ணாவதால், ஒவ்வொரு மாற்றத்திலும் இரைச்சல் கூடுகிறது. ஒரு மணி நேரப் பதிவுக்கு முழுதாக ஒரு மணி நேரமும் தேவைப்படுகிறது. ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்ற வேறு வழியில்லாததால் அங்கே இது பொருந்தும். மெமரி கார்டு உள்ள கருவிக்கு இதைக் கையாள்வதில் பொருளே இல்லை.

இரண்டாவது வழி, எண்களை எண்களாகவே, ஆனால் ஓடும் நேரத்தோடு சேர்த்து அனுப்புவது. 1987இல் வந்த டாட் நாடாக் கருவிகளிலிருந்து இப்படித்தான் ஒலி கணினிக்குச் சென்றது. ரோலண்டு நிறுவனம் 1996இல் வெளியிட்ட விஎஸ்-880 என்னும் எட்டுத் தட ரெக்கார்டரிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. ஒலியை வன்தட்டில்தான் பதிந்தது என்றாலும், தனக்கே உரிய சுருக்கமுறையில் எழுதியதால் கணினியால் அதை நேரடியாகப் படிக்க இயலவில்லை. அதன் டிஜிட்டல் வெளியீட்டில் ஒருமுறைக்கு இரண்டு தடங்களே செல்லும் என்பதால், ஐந்து நிமிடப் பாட்டின் எட்டுத் தடங்களையும் மாற்ற நான்கு முறை ஓடவிட வேண்டும். நான்கு முறையும் ஒரே இடத்தில் தொடங்கும்படி கணினியையும் கருவியையும் காலக் குறிப்பலைகளால் பிணைக்கவும் வேண்டும். பின்னர் வந்த கருவிகள் தடங்களை வேவ் கோப்புகளாகவே எழுதத் தொடங்கியபோது இந்தச் சடங்கு முழுவதும் வழக்கொழிந்தது. அதுவே மூன்றாவது வழி: கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் இட்டோ, கருவியை யுஎஸ்பி கேபிளால் இணைத்தோ, கோப்பைக் கோப்பாக நகலெடுப்பது.

யுஎஸ்பியால் இணைக்கும்போது பலரைக் குழப்பும் ஓர் இடம் உண்டு. இன்றைய ரெக்கார்டர்கள் பலவற்றில், கேபிளைச் செருகியதும், கார்டு ரீடராக இயங்கவா அல்லது ஆடியோ இன்டர்ஃபேசாக இயங்கவா என்ற கேள்வி திரையில் தோன்றும். முதலாவதைத் தேர்ந்தால் கருவி ஒரு பென்டிரைவைப்போலக் கணினியில் தெரியும். உள்ளிருக்கும் கோப்புகளைக் காணலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் அது கணினியின் மைக்காக மாறிவிடும். பழைய பதிவுகள் கண்ணில் படா. இரண்டுக்கும் கேபிள் ஒன்றே என்றாலும், அதன் வழியே எண்கள் செல்லும் விதி வேறு. கோப்பு செல்லும்போது ஒவ்வொரு பொதியோடும் 16 பிட்டுச் சரிபார்ப்பு எண் ஒன்று செல்கிறது. கணக்கு ஒவ்வாவிட்டால் அப்பொதி மறுபடி அனுப்பப்படுகிறது. எவ்வளவு நேரம் ஆனாலும் முழுமையாகச் சேர்ப்பதே அதன் குறிக்கோள். ஒலி ஓடையாகச் செல்லும்போது குறித்த நேரத்துக்குள் சேர்ப்பதே முதன்மை. பழுதான பொதியை மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தால் நேரம் தவறிவிடும் என்பதால் அது கைவிடப்படுகிறது. ஓடைமுறையில் கணினி வேறு வேலையில் திணறும்போது ‘டிக்’ என்ற ஓசையோ சிறு இடைவெளியோ விழுவதும், கோப்பு நகலில் அத்தகைய வடு விழாமலிருப்பதும் இந்த வேறுபாட்டால்தான். ஏற்கெனவே பதிவானதை மாற்றுவதற்கு ஓடைமுறையை நாடுவது, கையில் உள்ள உறுதியை விட்டு ஐயத்தைத் தேடிப்போவதாகும்.

கோப்புகள் பழுதின்றி வந்து சேர்ந்த பின்னரே, பல தடப் பதிவில் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ரெக்கார்டரில் தாளத் தடம் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கும். குரல் இருபதாம் நொடியில் தொடங்கியிருக்கும். ஒரு வரியை மட்டும் திருத்திப் பாடியது மூன்றாம் நிமிடத்தில் இருக்கும். கருவிக்குள் இவை தத்தம் இடத்தில் ஒலிப்பதற்குக் காரணம், எந்தக் கோப்பு எப்போது தொடங்க வேண்டும் என்ற பட்டியலைக் கருவி தன் திட்டக் கோப்பில் வைத்திருப்பதே. அந்தப் பட்டியலைப் பிற நிறுவன மென்பொருள்கள் படிப்பதில்லை. ஆகவே கோப்புகளை மட்டும் எடுத்துவந்து மென்பொருளில் இட்டால், எல்லாம் சுழியத்தில் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் ஒலிக்கத் தொடங்கும்.

இதற்குத் தீர்வாக ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் ‘பிராட்காஸ்ட் வேவ்’ என்னும் விரிவை வகுத்தது. வேவ் கோப்பின் தலைப்பகுதியோடு இன்னொரு துண்டைச் சேர்த்து, பதிவு செய்த கருவியின் பெயர், நாள் முதலியவற்றோடு, நள்ளிரவிலிருந்து எத்தனையாவது மாதிரியில் இக்கோப்பு தொடங்குகிறது என்பதையும் 64 பிட்டு எண்ணாக அது எழுதிவைக்கிறது. காலை 10 மணிக்கு 48,000 வீதத்தில் தொடங்கிய பதிவில் இந்த எண் 172,80,00,000. மணியும் நிமிடமுமாகக் குறிக்காமல் மாதிரிகளின் எண்ணிக்கையாகக் குறித்தது துல்லியத்துக்காகவே; ஆனால் அந்தத் துல்லியமும் மாதிரி வீதத்தைச் சார்ந்தது. இதே எண்ணை 44,100 வீதம் என்று கொண்டு வகுத்தால் 10 மணி 53 நிமிடம் என்று விடை வரும். வீதச் செய்தி பிசகினால் சுருதியோடு நேரமும் சேர்ந்தே பிசகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்துண்டை எல்லா ரெக்கார்டர்களும் எழுதுவதில்லை. எழுதினாலும் எல்லா மென்பொருள்களும் பயன்படுத்துவதில்லை. அத்தகைய இடங்களில் பழைய உத்தி ஒன்றே நம்பத்தக்கது. ஒவ்வொரு தடத்தையும், அது எங்கே தொடங்கினாலும் சரி, பாட்டின் சுழியத்திலிருந்து இறுதிவரை, இடையிலுள்ள மௌனத்தையும் சேர்த்து ஒரே நீளக் கோப்பாகக் கருவியிலேயே எழுதவைத்து, பிறகு கணினிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இடம் வீணாகிறது என்பது மெய். ஆனால் எட்டுக் கோப்புகளையும் சுழியத்தில் நிறுத்தினால் எட்டும் தாமாகவே பொருந்தும். இதை எம்பி3 வடிவில் செய்யலாகாது. எம்பி3 ஒலியைச் சட்டங்களாக வெட்டி அமுக்குவதால், அமுக்கும்போதும் விரிக்கும்போதும் முன்னால் ஆயிரம் மாதிரி அளவுக்கு வெற்றிடம் சேரக்கூடும். ஒரு தடம் வேவாகவும் மற்றொன்று எம்பி3ஆகவும் வந்தால் இரண்டுக்கும் இடையில் இருபது மில்லிநொடிக்கு மேல் இடறும். மிருதங்கத்துக்கு அது பெரிய இடறல்.

ஒரே கருவியில் பதிவான தடங்களுக்கு இந்த அளவோடு தொல்லை தீர்ந்துவிடுகிறது. இரண்டு கருவிகள் சேர்ந்தால் கடிகாரச் சிக்கல் எழுகிறது. இத்துறையில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுவே. வீடியோ கேமரா ஒருபுறமும் ரெக்கார்டர் மறுபுறமும் ஒரே நிகழ்ச்சியைப் பதிகின்றன என்று கொள்ளலாம். இரண்டும் 48,000 வீதம் என்றே தலைப்பகுதியில் எழுதும். ஆனால் நொடியை அளப்பது ஒவ்வொரு கருவியிலும் உள்ள ஒரு சிறு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு. வெட்டிய விதம், வெப்பநிலை, வயது ஆகியவற்றைப் பொறுத்து அது பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு முந்தவோ பிந்தவோ செய்யும். ஒன்று பத்து லட்சத்தில் 20 பங்கு வேகமாகவும் மற்றது 20 பங்கு மெதுவாகவும் இருந்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டுக்கும் 6,912 மாதிரிகள், அதாவது 144 மில்லிநொடி, வேறுபாடு விழும். நொடிக்கு 25 சட்டம் ஓடும் வீடியோவில் அது மூன்றரைச் சட்டத்துக்கும் மேல். ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர் அதை உணரத் தொடங்குவர் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று குறிக்கிறது. எனவே தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருத்திய ஒலி, மங்களம் பாடும் நேரத்தில் உதட்டசைவோடு ஒட்டாமல் போவதில் வியப்பில்லை.

இந்தப் பிழைக்கு நகலெடுப்பையோ கேபிளையோ மென்பொருளையோ குறைகூறுவதில் பயனில்லை. பதிவான கணத்திலேயே அது கோப்புக்குள் புகுந்துவிட்டது. தொழில்முறைப் பதிவில் ஒரு கருவியின் கடிகாரத் துடிப்பை மற்றவற்றுக்குக் கம்பி வழியே கொடுத்து எல்லாவற்றையும் ஒரே படிகத்துக்குக் கட்டுப்படுத்துவர். அவ்வசதி இல்லாதவர்க்கு, திரைப்படத் தளத்தில் கிளாப் பலகை அடிப்பதைப்போல, தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கருவிகளுக்கும் கேட்கும்படி ஒருமுறை பலமாகக் கைதட்டுவதே போதும். கைதட்டல் அலைவடிவில் கூரிய முனையாகத் தெரியும். இரு கோப்புகளிலும் முதல் முனையைப் பொருத்திவிட்டு, இறுதி முனைகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை அளந்து, ஒலிக் கோப்பை அந்த விகிதத்துக்கு நீட்டவோ சுருக்கவோ மென்பொருளைப் பணித்தால் இடையிலுள்ளவையும் ஏறக்குறைய ஒத்துப்போகும். பத்து லட்சத்தில் 40 பங்கு மாறுதலைச் சுருதியாக எந்தச் செவியும் உணராது. தொடக்கத்தில் மட்டும் தட்டிவிட்டு முடிவில் மறந்துபோவதே வழக்கம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

நீண்ட பதிவுகள் வேறொரு வகையில் திகைக்கவைக்கும். 48,000 வீதம், 24 பிட்டு, இரட்டைத் தடம் என்றால் நொடிக்கு 2,88,000 பைட்டு; மணிக்கு ஏறத்தாழ 104 கோடி பைட்டு. வேவ் தலைப்பகுதியில் கோப்பின் அளவை எழுத ஒதுக்கப்பட்ட இடம் 32 பிட்டு மட்டுமே என்பதால் 429 கோடி பைட்டுக்கு மேல் அதில் எழுத முடியாது. பல ரெக்கார்டர்கள் இன்னும் எச்சரிக்கையாக 2 ஜிபியிலேயே கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிடும். இந்தக் கணக்கில் இரண்டு மணி நான்கு நிமிடத்தில் வெட்டு விழும், பாடகர் ஆலாபனையின் நடுவில் இருந்தாலும் சரி. நன்கு வடிவமைத்த கருவியில் ஒரு மாதிரிகூட இழக்கப்படுவதில்லை; இரண்டாம் கோப்பை முதற்கோப்பின் முடிவோடு இடைவெளியின்றி ஒட்டினால் வெட்டு காதுக்குத் தெரியாது. ஒட்டும் இடத்தில் ஒலியை மெல்லத் தேய்த்து மெல்ல ஏற்றும் வசதியை மென்பொருள் தானாகவே சேர்த்துவிடுமானால் அதை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் இல்லாத பள்ளம் ஒன்று உருவாகும்.

பேட்டரி தீர்ந்து கருவி நடுவில் அணைந்த பதிவு இன்னும் சுவையான வழக்கு. பல கருவிகளில் கோப்பின் மொத்த அளவு, பதிவை நிறுத்தும்போதுதான் தலைப்பகுதியில் எழுதப்படும். அதற்கு முன்பே மின்சாரம் போனால் அங்கே சுழியம் நிற்கும், மென்பொருளும் கோப்பு காலி என்று சொல்லிவிடும். எண்களோ கார்டில் அப்படியே இருக்கும். தரவு மீட்பு மென்பொருளால் கோப்பை எடுத்த பின், ஆடாசிட்டி போன்ற மென்பொருள்களில் உள்ள மூலத்தரவாக இறக்கும் வசதியைப் பயன்படுத்தி, வீதமும் பிட்டும் தட எண்ணிக்கையும் இவை என்று கையால் கொடுத்துத் திறக்கலாம். 24 பிட்டு மாதிரி ஒன்று மூன்று பைட்டு; இட, வல இரண்டும் சேர்ந்து ஆறு. படிக்கத் தொடங்கும் இடம் ஒன்றிரண்டு பைட்டு பிசகினால் ஒரு மாதிரியின் வாலும் அடுத்ததன் தலையும் சேர்ந்து வெறும் இரைச்சலாகும். மூன்று பைட்டு பிசகினால் பாட்டு தெளிவாகக் கேட்கும், இடமும் வலமும் மட்டும் மாறியிருக்கும். இரைச்சலைக் கேட்டதும் கோப்பு அழிந்தது என்று கைவிடாமல், தொடக்கத்தை ஒரு பைட்டு நகர்த்திப் பார்ப்பவர்க்குப் பதிவு திரும்பக் கிடைக்கும்.

2019 முதல் பரவிவரும் ‘32 பிட்டு மிதவை’ என்னும் பதிவுமுறை பற்றி ஒரு சொல். சிறு எண்ணையும் பேரெண்ணையும் ஒரே நுட்பத்தோடு எழுத வல்ல இம்முறையில், மென்பொருளில் உச்சத்தைத் தாண்டி வெட்டுண்டதாகத் தெரியும் அலையும், மைக் தாங்கியிருக்குமானால், ஒலியளவைக் குறைத்ததும் முழு வடிவோடு திரும்பும். அளவைக் குறைக்காமலேயே 24 பிட்டுக்கு மாற்றிச் சேமித்துவிட்டால் பிறகு எந்த முயற்சியாலும் திரும்பாது.

கணினிக்கு வந்த கோப்பை மென்பொருள் எப்படிக் கையாள்கிறது என்பதையும் அறிந்திருப்பது நலம். சில மென்பொருள்கள் ஒலியைத் தம் திட்டத்துக்குள் நகலெடுத்துக்கொள்கின்றன. 2021இல் வந்த ஆடாசிட்டி 3.0 முதல் அதன் திட்டம் முழுவதும் ஒற்றைக் கோப்பாகவே இருக்கிறது. வேறு சில, கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் குறித்துக்கொள்கின்றன. இரண்டாம் வகையில், கோப்பைக் கார்டிலிருந்தே நேராக இழுத்துவிட்டு, வேலை முடிந்ததும் கார்டைக் கழற்றினால், மறுநாள் திட்டம் வெறும் கோடுகளாகத் திறக்கும். ஆகவே முதலில் கணினியின் வன்தட்டுக்குக் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து, பிறகு அங்கிருந்து திறப்பதே முறை.

நகல் சரிதானா என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்ய இயலாது. கோப்பின் எல்லா பைட்டுகளையும் கணக்கில் கொண்டு 256 பிட்டு நீளமுள்ள ஓர் அடையாள எண்ணைத் தரும் ஷா-256 போன்ற கணிப்பைக் கார்டில் உள்ளதற்கும் கணினியில் உள்ளதற்கும் ஓட்டி, இரண்டும் ஒத்திருப்பதைக் கண்டால் போதும். ஒரு பிட்டு மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். அத்துடன் கருவியின் பெயர், மாதிரி வீதம், பிட்டு, நாள், பாடியவர் அல்லது பேசியவர் பெயர் ஆகியவற்றை ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி அதே கோப்புறையில் வைத்துவிடுவது நல்லது. இன்னொரு வன்தட்டிலும் ஒரு பிரதி சேர்ந்த பின்னரே கார்டை அழிக்கலாம். அதையும் கணினியில் செய்யாமல் ரெக்கார்டரின் மெனுவிலேயே செய்தால், கருவி எதிர்பார்க்கும் அமைப்பில் கார்டு அடுத்த பதிவுக்குத் தயாராக இருக்கும்.